குளிர்கால வானில் சிறு விமானம்



ஆளின்றிப் பறக்கும் சிறு விமானமாகிய டிரோனை நீங்கள் அறிவீர்கள். நான்கு விசிறிகள், நான்கு மோட்டார்கள், ஒரு மின்கலம், ஒரு காமிரா. முக்கிய உறுப்புகள் இவ்வளவே. நம் நாட்டுச் சமவெளியில் அதைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோர் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சுவர். குளிர் நாடுகளில் உள்ளோரின் கவலையோ வேறு. கனடாவிலுள்ள டொராண்டோ நகரில் சனவரி மாதத்தில் வெப்பநிலை பல நாள்கள் உறைநிலைக்குக் கீழேயே நிற்கும். சிறு டிரோன்கள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் எல்லை 0 முதல் 40 டிகிரி வரைதான். அந்த எல்லை எதனால் ஏற்பட்டது?

குளிர்ந்த காற்று பறப்பதற்குத் தடை என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அது துணையே செய்கிறது. காற்று குளிரக் குளிர அதன் அடர்த்தி மிகுகிறது. கடல் மட்டத்தில், 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோகிராம் இருக்கும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் அது 1.34 கிலோகிராம் ஆகிவிடும். அடர்ந்த காற்றைக் கீழே தள்ளும் விசிறிக்குத் தூக்குவிசை எளிதில் கிடைக்கிறது. ஆகவே காற்றின்மீது குற்றமில்லை. குறை இருப்பது மின்கலத்தில்.

டிரோனைச் சுமப்பது லித்தியம் இனத்து மின்கலம். இவ்வகை மின்கலத்தை உருவாக்கியமைக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மின்கலத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள் அதன் ஊடே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போதுதான் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அத்திரவம் குழைந்து தடிக்கிறது. அயனிகளின் நடை தளர்கிறது. மின்கலத்தின் உள்தடை பெருகுகிறது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்ததுண்டா? குப்பி நிறைய எண்ணெய் இருக்கும். கையில் ஒரு துளியும் விழாது. இருப்புக் குறையவில்லை, கொடுக்கும் திறன்தான் குறைந்தது. குளிர்ந்த மின்கலத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

முழு நிறைவில் ஒவ்வொரு கலத்திலும் பொதுவாக 4.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். அது 3 வோல்ட் அளவுக்கு இறங்குமாயின் கலம் கெடும். அதற்கு முன்பே டிரோன் தானாகத் தரையிறங்க முற்படும். குளிரில் நாம் விசையாக மேலேற்றினால், மோட்டார்கள் மிகுந்த மின்சாரத்தை இழுக்கின்றன. உள்தடையின் காரணமாக மின்னழுத்தம் திடீரெனச் சரிகிறது. டொராண்டோவில் நான் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, பாதிக்குமேல் இருப்புக் காட்டிய டிரோன் ஒன்று எதிர்காற்றில் திரும்பும் வழியில் தானாக இறங்கியதைக் கண்டேன். கீழே சிறுவர் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். எவர் தலைமீதும் அது விழாதது நற்பேறே. திரையிலுள்ள எண்ணை மட்டும் நம்புவது எத்தகைய ஆபத்து என்பதற்கு இது சான்று.

காரணம் விளங்கினால் பரிகாரம் தானே விளங்கும். பறக்கும் வேளை வரையில் மின்கலத்தை மேலங்கியின் உட்பையில் வைத்து, 20 டிகிரி அளவிலேனும் காக்க வேண்டும். கிளம்பியதும் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்திப் பறக்கவிட்டால், பாயும் மின்சாரமே மின்கலத்தைச் சற்றுச் சூடாக்கும். போகும்போது எதிர்காற்றிலும், திரும்பும்போது காற்றின் போக்கிலும் செலுத்துதல் நலம். மனிதர் தலைக்கு மேல் பறக்கவிடுதல் எக்காலத்திலும் ஆகாது. வீடு திரும்பியதும், குளிர்ந்த மின்கலத்துக்கு உடனே மின்னேற்றம் செய்யக் கூடாது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகவே முனையின்மேல் படிந்து, மின்கலத்தை நிலையாகக் கெடுத்துவிடும். உள்ளே குறுக்குச்சுற்று நேரவும் கூடும். டிரோனையும் மூடிய பையிலிட்டு மெல்லச் சூடேற விட வேண்டும். இல்லையேல் அறையின் ஈரம் அதன் உறுப்புகளில் நீர்த்துளிகளாகப் படியும்.

கடுங்குளிரைக் காட்டிலும் ஈரக்குளிர் கொடியது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். உறைநிலைக்குச் சற்றே கீழுள்ள மூடுபனியில், உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் விசிறியின் முன்விளிம்பில் மோதிய கணமே பனிக்கட்டியாகின்றன. விசிறியின் வடிவம் கெடுகிறது, தூக்குவிசை குன்றுகிறது, டிரோன் அதிர்கிறது. ஈரமற்ற நாளில் 10 டிகிரி கீழே பறப்பதைவிட, மூடுபனி நாளில் 1 டிகிரி கீழே பறப்பது அபாயம் மிக்கதாகலாம்.

இப்பாடம் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகப் பறந்த 'இன்ஜெனுவிட்டி' என்னும் 1.8 கிலோகிராம் ஹெலிகாப்டரும் லித்தியம் மின்கலத்தையே நம்பியிருந்தது. அங்கு இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 90 டிகிரி வரை இறங்கும். சூரிய ஒளியிலிருந்து அது பெற்ற சக்தியின் பெரும்பகுதி பறப்பதற்குச் செலவாகவில்லை. இரவில் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாயிற்று. அவ்வாறு காத்ததனால் 2024 சனவரி வரை அது 72 முறை பறந்தது.

ஆகவே, கருவி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதோடு அமையாதீர்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய வேகத்தில், அதனால் எவ்வளவு கொடுக்க இயலும் என்றும் கேளுங்கள். குளிர்நாட்டு வானில் ஒரு டிரோன் பத்திரமாகத் திரும்பி வருவது அந்த இரண்டாம் கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.