பயிர்த்தொழிலில் புகும் வாலிபர்களும் கைப்பழக்கக் குறைவும்

விதை நல்லது, நிலம் நல்லது, நீரும் காலத்தில் வந்தது. ஆயினும் நடவு கெட்டது என்னும் முறையீடு இந்நாளில் கிராமந்தோறும் கேட்கப்படுகிறது. அதன் காரணத்தைத் தேடிச் சென்றால், பல இடங்களில் அது வேலை செய்த ஆளின் கைப்பழக்கக் குறைவில் போய் முடிகிறது. உழைக்க மனமுள்ள வாலிபர்கள் இல்லாமலில்லை. ஆனால் தொழிலை முறையாகக் கற்று வருவோர் சிலரே. இக்குறைவு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் வரும் நஷ்டம் யாது, அதை நிவிர்த்தி செய்யும் வழி யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

குறைவு உண்டான விதம்

முற்காலத்தில் விவசாயிகளின் பிள்ளைகள் ஏர்பிடிக்கவும், நாற்றுப் பறிக்கவும், மடை திறக்கவும் சிறு வயதிலேயே தகப்பனார் பக்கத்தில் நின்று கற்றனர். இப்போது அவர்கள் பதினேழு, பதினெட்டு வயது வரையில் பள்ளியில் இருக்கின்றனர். இது நன்மையே, இதைக் குறை கூறுவது தகாது. ஆனால் வயலில் கழிந்த அக்காலம் போனபின், அதற்கு ஈடாக வேறொரு கற்கும் காலத்தை நாம் ஏற்படுத்தவில்லை. மேலும், இக்காலத்து வேலைகள் பல தகப்பனாருக்கே புதியவை. மாடு பூட்டி உழுதவர் நடவு யந்திரத்தைப்பற்றி மகனுக்கு என்ன கற்பிக்கக் கூடும்?

விவசாயத்தைப் பள்ளியில் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டில் பழமையானது. 1868-இல் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளியே பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றுக் கல்லூரியாகி, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் புத்தகத்தால் வரும் அறிவு வேறு, கைக்கு வரும் பழக்கம் வேறு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தாலன்றி மகசூல் பெருகாது.

நடவு யந்திரமும் நாற்றும்

நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகவே, நடவு யந்திரங்கள் பரவி வருகின்றன. யந்திரத்தை ஓட்டுவதே வித்தையென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வித்தை நாற்றங்காலில் இருக்கிறது. யந்திரத்திற்குப் பாய் நாற்று வேண்டும். சமனான இடத்தில் விரிப்பை இட்டு, சட்டம் வைத்து, கல்லும் கட்டியும் நீக்கிய மண்ணை மக்கிய எருவுடன் கலந்து, சுமார் 2 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, முளை கட்டிய விதையை எங்கும் ஒரே சீராக நெருக்கித் தூவவேண்டும். முதல் சில நாட்கள் பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். சுமார் பதினைந்து நாளில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பாய்போல் சுருட்டி எடுக்கத் தக்கதாகும்.

விதை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் கலைந்தும் விழுந்தால், யந்திரத்தின் விரல்கள் நாற்றில்லாத மண்ணைக் கிள்ளி நடும். வயலில் சந்து விழும். நாற்று முதிர்ந்துவிட்டாலோ வேர் அறுபட்டுப் பயிர் பச்சை பிடிக்கத் தாமதமாகும். நிலத்தைப் பரம்படித்துச் சமன் செய்து, சேறு படியும்வரை விட்டு, நீரை மெல்லிய அளவாக நிறுத்திய பிறகே யந்திரத்தை இறக்கவேண்டும். சேறு படியாமுன் இறக்கினால் நாற்று புதையும். நீர் மிகுந்திருந்தால் நாற்று மிதக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்து அறியும் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. யந்திரத்திற்குப் பெரும் பொருள் செலவிடும் பண்ணைக்காரர், நாற்றங்கால் வளர்க்கும் ஆளைப் பழக்குவதற்குச் சிறிதும் செலவிடாதது விந்தையே.

மருந்து தெளித்தல்

பயிருக்கு மருந்து தெளிப்பதில் உள்ள அறியாமையோ பணத்தை மட்டுமன்றி உயிரையும் வாங்கக்கூடியது. தெளிப்பவர் நடக்கும் வேகத்தைப் பொறுத்தே மருந்தின் அளவு அமைகிறது. இதை அறிய எளிய முறை ஒன்றுண்டு. வயலில் ஒரு சென்ட் நிலத்தை அளந்து குறித்து, தெளிப்பானில் அளந்த வெறும் நீரை ஊற்றி, வழக்கமான நடையில் அவ்விடத்தைத் தெளிக்கச் செய்க. செலவான நீரை 100-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு ஆகும் அளவு கிடைக்கும். 2 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பான் ஒரு முறைக்கு 8 சென்ட் நிலத்திற்குப் போதும். அதே தெளிப்பானைக்கொண்டு மற்றொருவர் மெதுவாக நடந்து சென்ட்டுக்கு 3 லிட்டர் செலவிட்டால் ஏக்கருக்கு 300 லிட்டர் ஆகிறது. அப்போது மருந்தைத் தெளிப்பான் கணக்கில் கலந்தால், நிலத்தில் விழும் மருந்து ஒன்றரை மடங்காகும். விரைந்து நடப்பவரிடத்தில் மருந்து குறைந்து பூச்சி சாகாது.

மருந்துக் கலத்தின்மேலுள்ள முக்கோண அடையாளத்தின் நிறத்தையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். சிவப்பு மிகக் கொடிய விஷம், அதற்கு அடுத்தது மஞ்சள், பின்னர் நீலம், பச்சை எல்லாவற்றினும் குறைந்தது. காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கலாகாது. அடைத்துக்கொண்ட குழல்முனையை வாயால் ஊதலாகாது. கையுறையும் முகமூடியும் இன்றி மருந்தைக் கலக்கலாகாது. பதினெட்டு வயது நிறையாதவரிடம் இவ்வேலையை ஒப்புவித்தலே கூடாது.

தென்னையில் கண்ட வழி

இக்குறைவு நீக்கக்கூடியதே என்பதற்குக் கேரளத்தில் ஓர் உதாரணம் உண்டு. அங்குத் தென்னை ஏறுவோர் குறைந்து, முற்றிய காய்கள் மரத்திலேயே நிற்கும் நிலை வந்தது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் வாலிபர்களைச் சேர்த்து, ஏறும் கருவியைக்கொண்டு ஆறு நாள் பயிற்சி அளிக்கத் தொடங்கிற்று. காய் பறிப்பதோடு, மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்வதும், காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் கண்டறிவதும் கற்பிக்கப்பட்டன. பெண்களும் இதில் சேர்ந்து கற்றனர். ஒரு கூலிவேலை, அறிவோடு கூடிய தொழிலாக மாறியபடியால் அதற்கு மதிப்பும் உண்டாயிற்று.

பண்ணைக்காரர் செய்யத்தக்கவை

அநுபவமுள்ள ஆள்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டால், அநுபவம் எங்கிருந்து வரும்? ஆகையால், நிலமுடையோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்.

1. போகம் ஒன்றுக்கு ஒரு வாலிபரையேனும் தேர்ந்த ஆளுடன் சேர்த்து, விதைப்பு முதல் அறுவடைவரை கூடவே இருக்கச் செய்க.

2. கற்கும் காலத்திலும் நியாயமான கூலி கொடுக்கவேண்டும். கூலியின்றிக் கற்றுக்கொள் என்றால் அவர் பட்டணத்திற்குப் போய்விடுவார்.

3. கற்பிக்கும் முதியவருக்கும் தனியே ஒரு தொகை அளிக்கவேண்டும். அல்லாவிடில் அவர் தம் வித்தையை மறைப்பது இயல்பே.

4. புதிய ஆளின் கையில் முதலில் ஒரு சிறு பாத்தியையே விட்டுப் பார்க்கவேண்டும். அங்கு நேரும் தவறு சொற்ப நஷ்டத்தோடு போம்.

5. வாலிபர் கற்றுவந்த கல்வியைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும். மருந்துச் சீட்டைப் படிப்பதும், வரவுசெலவு எழுதுவதும், மண் பரிசோதனை அறிக்கையை விளங்கிக்கொள்வதும் அவர்களால் கூடும். முதியவர் கையும் இளையவர் கல்வியும் சேர்ந்தால் இருவருக்கும் இலாபம்.

கிராம அதிகாரிகளின் உதவி

நம் நாட்டின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் ஏற்பட்டது. செய்து கற்றலே இந்நிலையங்களின் நோக்கம். இப்போது அவை மாவட்டந்தோறும் பரவியுள்ளன. ஆயினும், பயிற்சி நடக்கும் செய்தி கிராமத்திற்கு எட்டாமையால் இடங்கள் வீணாவதுண்டு. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், படிப்பு முடிந்து ஊரிலிருக்கும் வாலிபர், பெண்கள் ஆகியோரின் ஜாபிதா ஒன்று தயாரித்து, விதைப்புக் காலத்திற்கு முன்பே அதை வேளாண் இலாகாவினருக்கு அனுப்பினால் பேருதவியாகும். ஊரில் உள்ள தேர்ந்த நாற்றங்கால்காரர், தென்னை ஏறுவோர், யந்திரம் ஓட்டுவோர் ஆகியோரின் பெயர்களையும் அதில் சேர்ப்பது நன்று. ஏனெனில் அவர்களே கற்பிக்கத் தக்கவர்.

இம்முதியோரில் பலர் இன்னும் சில போகங்களே வயலில் இறங்கக்கூடியவர். அவர்களது கைப்பழக்கம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; அவர்கள் ஓய்வுபெறும் நாளில் அதுவும் அவர்களோடு போய்விடும். பின்னர் எவ்வளவு பொருள் கொடுத்தாலும் அது திரும்ப வாராது. ஆகையால், வரும் போகத்திற்கு விதையை எடுத்து வைக்கும்போதே, அவ்விதையை விதைக்கக் கற்கும் ஆளையும் தேடி வைத்துக்கொள்ளுமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.