தழும்பு எங்கே போகிறது?

தை முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: நெற்றியிலோ கன்னத்திலோ வருஷக்கணக்காக இருக்கும் கட்டியைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடலாமா? தழும்பே வராது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, உண்மையா? புற்றுக்கட்டி இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

தழும்பே வராது என்பது உண்மையில்லை. தோலின் முழு ஆழத்துக்கும் கீறிவிட்டால் தழும்பு விழுந்தே தீரும். விளம்பரம் சொல்ல வருவது, அது முடிக்குள் மறைந்திருக்கும் அல்லது அம்மைத் தழும்பை விடச் சின்னதாக இருக்கும் என்பதைத்தான். ‘சிறுதுளை அறுவைசிகிச்சை’ என்ற பெயருக்கும் இதே அளவுதான் மதிப்புக் கொடுக்கலாம். வெளியே தெரியும் கீறல் சின்னது. உள்ளே நடக்கும் வேலையும் சின்னதா என்பதற்குப் பெயரில் உத்தரவாதம் இல்லை.

நெற்றியில் வரும் கொழுப்புக் கட்டியைப் பார்ப்போம். தொட்டால் தோலுக்கு உடனடியாகக் கீழே இருப்பது போலத் தோன்றும். ஆனால் நெற்றியில் இந்தக் கட்டி பெரும்பாலும் புருவத்தை உயர்த்தும் தசைக்கும் அடியில், எலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கட்டிக்கு நேர் மேலே கீறி எடுப்பது பழைய வழி. நெற்றிச் சுருக்கத்தோடு சுருக்கமாகக் கீறினால் தழும்பு ஓரளவு மறையும். இருபத்தைந்து வயதில் நெற்றியில் சுருக்கம் ஏது?

புதிய வழி கட்டியிருக்கும் இடத்தைத் தொடாமலே தொடங்குகிறது. முடி ஆரம்பிக்கும் கோட்டுக்கு இரண்டு மூன்று செ.மீ. பின்னால், தலைமுடிக்குள், ஒன்றரை இரண்டு செ.மீ. நீளத்தில் ஒரு கீறல். தசைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தக்குழாய்கள் குறைவான, எளிதில் பிரியக்கூடிய ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் வழியாகப் பாதை பிரித்துக்கொண்டே நெற்றிக்கு இறங்குகிறார்கள். 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் உள்ளே நடப்பதைத் திரையில் காட்டுகிறது. கட்டியை அடிப்பக்கத்திலிருந்து விடுவித்து, வந்த வழியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். கட்டி எலும்பிலேயே வளர்ந்ததென்றால் அதே பாதையில் சின்ன உளியை அனுப்பிச் செதுக்குகிறார்கள். 1990களில் புருவத்தைத் தூக்கிக் கட்டும் அழகுச் சிகிச்சைக்காகப் பழக்கத்துக்கு வந்த பாதை இது. கட்டி எடுக்க இது பயன்பட்டது பிறகுதான்.

இதில் என்னைக் கவர்ந்தது கீறலின் திசை. உச்சந்தலைக்குத் தொடுவுணர்வு தரும் நரம்பு புருவத்துக்கு மேலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. முடிக்குள் குறுக்கே கீறினால் அது அறுபடலாம். அறுபட்டால் கீறலுக்குப் பின்னால் தலை மரத்துப்போகும். சிலருக்கு எவ்வளவு சொறிந்தாலும் அடங்காத அரிப்பு. அதனால் நரம்பு ஓடும் வாக்கிலேயே, முன்னிருந்து பின்னாகக் கீறுகிறார்கள்.

நெற்றியின் நடுப்பகுதியில் இருக்கும்வரை எல்லாம் சுகம். கட்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் நகர நகர இன்னொரு நரம்பின் எல்லை வந்துவிடும். புருவத்தை உயர்த்த வைக்கும் நரம்பு அது. பிரேசில் அறுவை நிபுணர் இவோ பிடாங்கி 1966இல் அதன் பாதைக்கு ஒரு கோடு வகுத்தார். காதுத் துளைக்கு முன்னால் துருத்தும் குருத்தெலும்புக்கு அரை செ.மீ. கீழே தொடங்கி, புருவத்தின் வெளிமுனைக்கு ஒன்றரை செ.மீ. மேலே போகும் கோடு. இந்த நரம்பு அடிபட்டால் அந்தப் பக்கப் புருவம் எழும்பாது. மேக்கப்பால் மறைக்க முடியாத விஷயம் இது.

விளம்பரக் கையேடுகளில் இல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. நேர் மேலே கீறினால் கட்டியைச் சுற்றி மட்டும் பிரித்தால் போதும். முடிக்குள்ளிருந்து வந்தால் வழிநெடுகப் பல செ.மீ. திசுவைப் பிரிக்க வேண்டும். வீக்கம் இமைக்கு இறங்கும், கண்ணைச் சுற்றி நீலம் பாரிக்கும், நெற்றி சில காலம் மரத்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் கட்டிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. தவிர, முடிக்குள் மறைந்த தழும்பு முடி இருக்கும்வரைதான் மறைந்திருக்கும். முன்வழுக்கை விழும் குடும்பத்து மாப்பிள்ளைகளும், பழனிக்கு முடி காணிக்கை நேர்ந்திருப்பவர்களும் யோசித்துக்கொள்ளட்டும்.

கன்னத்திலும் தாடையிலும் வரும் சிஸ்டுக்கு எண்டோஸ்கோப் எல்லாம் வேண்டாம். நடுவில் கரும்புள்ளியோடு இருக்குமே, அந்த ரகம். மரத்துப்போகும் ஊசி போட்டு, 2, 3 மி.மீ. துளையிட்டு, உள்ளே இருக்கும் நாற்றமடிக்கும் மாவுப்பொருளைப் பிதுக்கி எடுத்ததும், அதன் பை காற்றுப்போன பலூனாகத் துவண்டுவிடும். அந்தப் பையையும் துளை வழியாகவே இழுத்து எடுக்க வேண்டும். இதில்தான் ஏமாற்றும் நடக்கிறது. பிதுக்குவதோடு நிறுத்திவிட்டால் அன்றைக்குக் கட்டி மறைந்துவிடும். பை மிஞ்சியிருந்தால் சில மாதங்களில் திரும்பி வரும். ஏற்கெனவே சீழ் பிடித்து அடங்கிய சிஸ்டில் பை சுற்றுத் திசுவோடு ஒட்டியிருக்கும். சிறுதுளைக்கு அது வசப்படாது. இப்போது சிவந்து வலிக்கிறதென்றால் முதலில் ஆறட்டும், நான்கு முதல் ஆறு வாரம்.

காதுமடலுக்குக் கீழேயோ முன்னாலோ வலியில்லாமல் மெல்ல வளரும் கட்டி இந்தக் கதையில் சேராது. அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்ததாக இருக்கலாம். அந்தச் சுரப்பிக்கு நடுவேதான் முக நரம்பு கிளை விரிக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கட்டியையும் தோலைக் கீறித் தோண்டியெடுத்தார்கள். உறை கிழிந்து சிதறிய செல்கள் வருஷங்கள் கழித்துப் பல முடிச்சுகளாக முளைத்தன. திரும்பி வந்த விகிதம் 20 முதல் 45 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. நரம்பைக் கண்டுபிடித்துக் காத்து, சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுப்பதே இன்றைய முறை. கீறலைக் காதுக்குப் பின்னால் மறைக்கலாம், குறைக்க அவசரப்படக் கூடாது.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணமில்லை என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, உடலுக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. சாதாரணக் கட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைச் சரிபார்க்கும் டிபிஏ மேஜைதான் முடிவு செய்கிறது. பல பாலிசிகளில் கட்டி, சிஸ்டுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பும் உண்டு. வழக்கமாக வெளிநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை காப்பீடு ஏற்கும் ‘டே கேர்’ (ஒரே நாளில் முடியும் மருத்துவமனைச் சிகிச்சை) வரையறைக்குள் வராது. ஆக, சிகிச்சை எவ்வளவு சின்னதாகிறதோ அவ்வளவு கைக்காசு போகும். பில்லில் ‘காஸ்மெட்டிக்’ என்று எழுதினால் ஜிஎஸ்டி விலக்கும் போய்விடும். எழுதுவதற்கு முன்பே கேளுங்கள்.

தைக்குள் ஆறிவிடுமா? முகத்தில் போட்ட தையலை ஐந்தாறு நாளில் பிரிப்பார்கள். சிவப்பு சில மாதம் நிற்கும். தழும்பு அடங்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம்.

நலங்குக்கு மஞ்சள் பூசலாமா? புண் முழுதாக மூடும் வரை வேண்டாம்.

ஊசி போட்டே கரைக்க முடியாதா? டிஆக்ஸிகோலிக் அமிலத்துக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது இரட்டைத் தாடைக் கொழுப்புக்கு, கட்டிக்கு இல்லை.

குழந்தைக்கு மூக்குத்தண்டில் கட்டி? ஸ்கேன் எடுக்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். உள்வழி மூளைப் பக்கம்வரை போகலாம்.

அரசு மருத்துவமனையில் செய்வார்களா? சாதாரணக் கட்டி என்றால் அறுவைசிகிச்சைப் பிரிவிலேயே செய்வார்கள். எண்டோஸ்கோப் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உள்ள மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள், சென்னையில் ஸ்டான்லி.

லேசரில் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் முழுக்கப் பொசுக்கிவிட்டால் பயாப்ஸிக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.