மலை நடையில் உரிமையும் கடமையும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அந்நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என வகுத்துக் கற்பிப்பது தமிழ் இலக்கண மரபு. நிலத்தை அறியாதவர் அந்நிலத்து உயிர்களை அறிய இயலாது என்பது அம்மரபு நமக்கு உணர்த்தும் உண்மை. அக்கண் கொண்டு அயல்நாட்டு மலையொன்றைக் காண்பதும் பயனுடையதே. ஸ்காட்லாந்து நாட்டின் கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவை ஈண்டு எடுத்துக்கொள்வோம். மலையில் நடக்கும் உரிமையை மக்களுக்குச் சட்டமாகவே வழங்கிய நாடு அது. அவ்வுரிமைக்கு உள்ள விலையையும் அம்மலையே கற்பித்திருக்கிறது. மாணாக்கரை ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாம் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நிலம்

2003ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இப்பூங்கா ஏறத்தாழ 4,528 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பிரிட்டனின் தேசியப் பூங்காக்களுள் மிகப் பெரியது. இதன் நடுமலைத் தொகுதி நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டான கிரானைட்டால் ஆயது. கிரானைட்டை நாம் கருங்கல் என்கிறோம். அம்மலையின் கல்லோ இளஞ்சிவப்பு நிறமுடையது. அதனாலேயே அந்நாட்டுக் கேலிக் மொழியினர் அதனைச் செந்நிற மலை என்னும் பொருள்பட வழங்கினர்.

இம்மலையின் உயர்ந்த சிகரமான பென் மக்டூயி 1,309 மீட்டர் உயரமே உடையது. நமது கொடைக்கானல் ஊரே 2,000 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதை நோக்க இது சிறிதாகத் தோன்றலாம். அத்தோற்றமே ஏமாற்றுவது. வடதுருவத்தை நோக்கி வெகுதொலைவு சென்றுவிட்ட நிலம் ஆதலின், உச்சியிலுள்ள அகன்ற மேட்டுநிலத்தில் மரம் வளர்வதில்லை; ஒதுங்குவதற்கு மறைவும் இல்லை. 1986 மார்ச் 20 அன்று கெய்ர்ன்கார்ம் சிகரத்தில் மணிக்கு 173 மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியுள்ளது.

உயிர்கள்

இக்கடுங்குளிரில் வாழும் உயிர்கள் நிலத்துக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. மலைமுயலும் டார்மிகன் என்னும் பறவையும் கோடையில் கல்லின் நிறத்தையும் குளிர்காலத்தில் பனியின் வெண்மையையும் பூணுகின்றன. டாட்டரெல் என்னும் சிறுபறவையில் முட்டைகளை அடைகாப்பது பெரும்பாலும் ஆண் பறவையே.

மனிதனால் அழிந்து மனிதனாலேயே மீண்ட உயிர்களும் இங்கு உண்டு. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழி, 1837இல் சுவீடனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கொணரப்பட்டது. இன்று அந்நாட்டில் எஞ்சியுள்ள சில நூறு பறவைகளுள் மிகப் பெரும்பாலானவை இப்பூங்காவின் பைன் காடுகளிலேயே வாழ்கின்றன. துருவ மான் கூட்டத்தை 1952இல் மிக்கேல் உட்சி என்னும் சாமி இனத்தவர் இம்மலைக்குக் கொண்டுவந்தார். மீனுண்ணும் விராலடிப்பான் 1954இல் கார்டன் ஏரிப் பகுதிக்குத் திரும்பிவந்து கூடு கட்டியது. 1958இல் அதன் முட்டைகளைத் திருடர் கவர்ந்தனர். மறு ஆண்டு காவலர் இரவு பகலாகக் கூட்டைக் காத்ததோடு, பொதுமக்கள் தொலைவிலிருந்து காணவும் வழிசெய்தனர்.

உரிமை

2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்வோர் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் கூடாரமிட்டுத் தங்கவும் உரிமை வழங்கியது. நிலம் தனியாருடையதாயினும் இவ்வுரிமை உண்டு. அதனுடன் நெறிமுறைகளும் வகுக்கப்பெற்றன. கூடாரமிடுவோர் சிறு குழுவினராக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்கலாகாது. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அருகில் தங்குதல் தவிர்க்கத்தக்கது. காட்டிலும், மக்கிய தாவரங்கள் செறிந்த சதுப்பு மண்ணிலும் நெருப்பு மூட்டலாகாது. அம்மண்ணில் பற்றிய தீ நிலத்தினுள்ளே புகுந்து பரவும். பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நாயை அவிழ்த்துவிடலாகாது. சென்றவர் தங்கிய சுவடே தெரியாமல் திரும்ப வேண்டும் என்பதே இந்நெறிகளின் சாரம்.

கடமை

பிற உயிர்களுக்கு ஆற்றும் கடமை இவ்வாறாக, உடன்வருவோர்க்கு ஆற்றும் கடமை இன்னும் பெரிது. 1971 நவம்பரில் எடின்பரோ நகரின் பள்ளி மாணாக்கர் சிலர் இம்மேட்டுநிலத்தைக் கடக்கச் சென்றனர். அவர்கள் இரு குழுக்களாயினர். அனுபவம் மிக்க குழு, மேட்டுநிலத்தில் கட்டப்பட்டிருந்த சிறு புகலிடக் குடிலை அடைந்து பிழைத்தது. அனுபவம் குறைந்த குழு பனிப்புயலில் சிக்கி, அக்குடிலை அடைய இயலாமல் வெட்டவெளியில் இரண்டு இரவுகள் கிடந்தது. மாணாக்கர் ஐவரும், பயிற்சி நிலையிலிருந்த இளம் வழிகாட்டி ஒருவரும் மாண்டனர். தலைவியும் ஒரு மாணவனுமே பிழைத்தனர். உதவி நாடித் தவழ்ந்து வந்த தலைவியை மீட்பு ஹெலிகாப்டரில் இருந்தோர் கண்டனர்.

பின்னர் நடந்த விசாரணை, பள்ளிப் பயணங்களுக்குத் தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், மாணாக்கரின் உடல்வலிமையும் பயிற்சியும் கருதப்பட வேண்டும், பெற்றோர்க்கு முழு விவரம் தரப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. குடில்களைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அவை உயிர்காப்பன என்றனர் ஒருசாரார். குடில் உண்டு என்னும் நம்பிக்கையே அனுபவமற்றோரை இடருக்குள் இழுக்கிறது என்றனர் மற்றொரு சாரார். 1975இல் அக்குடில் அகற்றப்பட்டது.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. குடிலை அடைந்தவர் பிழைத்தனர். அதனை நம்பிச் சென்று அடையாதவர் மாண்டனர். ஆதலின் புகலிடம் என்பது கட்டடத்தில் மட்டும் இல்லை. வானிலை மாறியதும் திரும்பிவிடத் துணியும் அறிவில் உள்ளது. அத்துணிவைக் கோழைமை என எள்ளுவோர் நம் மாணாக்கரிடையேயும் உண்டு. செருக்குடன் நிலத்தில் நடவாதே என மனிதனுக்கு அறிவுறுத்தும் திருமறை, அவன் சிறுமையை உணர்த்த மலையின் உயரத்தையே எடுத்துக்காட்டுகிறது. சிகரத்தை அடைவதைக் காட்டிலும், அழைத்துச் சென்ற பிள்ளைகள் அனைவரையும் எண்ணிப் பார்த்து அவர்தம் பெற்றோரிடம் சேர்ப்பதே ஆசிரியர்க்குப் பெருமை. அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் தரும் மாணவச் செல்வங்களும் இதனை மனங்கொள்வார்களாக.