சம்மட்டி பிடித்த கையில் குவாரிக் குத்தகை

குடுமியான்மலை என்றதும் இசைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்துக் கல்குவாரிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 4,000-க்கும் மேற்பட்ட ஏழைப் பெண்கள், ஏறத்தாழ 170 குவாரிகளைக் குழுக்களாகச் சேர்ந்து தாங்களே எடுத்து நடத்தினார்கள். அவர்களில் கொத்தடிமைகளாக இருந்து மீண்டவர்களும் உண்டு.

கொத்தடிமைத்தனம் முன்பணத்தில் தொடங்குகிறது. கல்யாணம், பிரசவம், சாவு என்று ஏதோ ஓர் அவசரத்துக்கு வாங்கிய பணத்துக்காகக் குடும்பமே ஜல்லி உடைக்கப் போகும். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். அதைப் படிக்க இவர்களுக்கு எழுத்து தெரியாது. எத்தனை ஆண்டு உடைத்தாலும் கடன் அடையாது. அப்பன் செத்தால் அது பிள்ளையின் தலையில் ஏறும்.

வர்ஜீனியாவில் நடந்தது

இப்படித் தலைமுறை தாண்டிப் பிடிப்பதுதான் எந்த ஊர் அடிமைமுறைக்கும் உயிர்நாடி. 1619 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார்கள். ஆயுள் முழுக்க அடிமை என்று சொல்லும் சட்டம் அன்று அங்கே இல்லை. 1640-இல் வேலையை விட்டு ஓடிப் பிடிபட்ட மூவரில் இரண்டு ஐரோப்பியர்களுக்குப் பணிக்காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித்த நீதிமன்றம், ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கரை மட்டும் சாகும்வரை உழைக்கச் சொன்னது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்றது 1662-ஆம் ஆண்டுச் சட்டம். ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றது 1667-ஆம் ஆண்டுச் சட்டம். 1705-இல் எல்லாவற்றையும் தொகுத்து, அடிமையை எஜமானரின் சொத்தாகவே எழுதிவைத்தார்கள்.

அங்கே சட்டம் செய்த வேலையை இங்கே கடன் செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கான சட்டப் பாதுகாப்பை விலக்கியது. அரசமைப்பின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்கள் அனைத்தையும் ரத்து செய்தது. கொத்தடிமையாக வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. அதன் பிறகும் குவாரிகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் மனிதர்களைக் கட்டிப்போட்டது.

விடுதலைக்கு மறுநாள்

மீட்கப்பட்டவர் மறுநாள் உலையில் எதைப் போடுவார்? அமெரிக்கா தடுமாறியது இந்தக் கேள்வியில்தான். 1865 ஜனவரியில், அடிமைமுறையிலிருந்து விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்க ராணுவத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அந்த ஆண்டே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்கே கொடுத்தார். விடுதலையானவர்களில் பெரும்பாலோர் வாரச் சாகுபடிக்குப் போய், மீண்டும் கடனில் சிக்கினார்கள்.

புதுக்கோட்டையில் நடந்தது வேறு. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைத்த பெண்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. அதே காலத்தில், 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் ஊர் ஊராக எழுத்தையும் கணக்கையும் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். குத்தகை உரிமை, கணக்கறிவு, யாரையும் எதிர்பாராமல் வெளியே போய்வரும் துணிவு. இம்மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கல் உடைத்தவர் குவாரியை நடத்துபவர் ஆனார்.

இன்று மீட்கப்படுபவருக்கு விடுதலைச் சான்றிதழும் உடனடி உதவித்தொகையும் கிடைக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டம் மறுவாழ்வுத் தொகையை ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. ஆனால் முழுத் தொகையையும் பெற, குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றது. வழக்கு முடியும்வரை பசி காத்திருக்காது. அடுத்த முன்பணத்தை நீட்டும் கையும் காத்திருக்காது. சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே நிலமோ, குத்தகையோ, தொழிற்கருவியோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது நடக்கக்கூடியதே என்பதற்குப் புதுக்கோட்டைப் பெண்கள் சாட்சி.