குருதி சொல்வதும் சொல்லாததும்: மரபுக்கடத்தலின் கணக்கும் சாதியின் கணக்கும்

நார்த்தாமலைக் குன்றுகள் அமைந்த அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. தலித் மக்கள் குடிநீர் பெற்ற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. 2023 சனவரியில் விசாரணை சிபிசிஐடி வசம் சென்றது. ஊர்மக்கள் பலரின் குருதி மாதிரிகள் டிஎன்ஏ ஒப்பீட்டுக்காகக் கேட்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களையே சோதனைக்கு அழைப்பதா என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்த ஒப்பீடு குற்றவாளியைக் காட்டித் தரவில்லை. இறுதியில், 2025 சனவரியில், தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. உரிமை இயக்கங்கள் அதை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரின.

மரபணு என்ற சொல் பாடநூலிலிருந்து காவல் விசாரணைக்குள் வந்துவிட்ட நிலையில், அந்த அறிவியல் எதை முன்கூட்டிச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

நான்கு கட்டங்களின் கணக்கு

பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எந்த விகிதத்தில் செல்கின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளில் எண்ணிப் பார்த்து 1866-இல் வெளியிட்டவர் கிரிகோர் மெண்டல். அவர் கண்டதன் சாரம் எளியது. ஒவ்வொரு பண்புக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உள்ளன; ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. நாம் பிள்ளைக்குக் கொடுப்பது அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே. எது செல்லும் என்பது நாணயம் சுண்டுவதற்கு ஒப்பானது.

நார்த்தாமலையில் வாழும் ஒரு தம்பதியரைக் கற்பனை செய்வோம். இருவரும் நலமாக உள்ளனர். ஆயினும் பீட்டா தலசீமியா என்னும் குருதிச்சோகை நோய்க்கான பழுதுற்ற பிரதி இருவரிடமும் ஒவ்வொன்று மறைந்திருக்கிறது. நல்ல பிரதி ஒன்று இருப்பதால் நோய் வெளிப்படவில்லை. இதையே பாடநூல்கள் ஒடுங்கு பண்பு என்கின்றன. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை இரு பழுதுகளையும் பெற்று நோயுற 25 விழுக்காடும், ஒன்றை மட்டும் பெற்று நலமுள்ள கடத்தியாக இருக்க 50 விழுக்காடும், எதையும் பெறாதிருக்க 25 விழுக்காடும் வாய்ப்பு உண்டு.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக உள்ளது. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. அதே 25 விழுக்காடு ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

டிஎன்ஏ ஒப்பீடு

தடயவியல் ஆய்வும் இதே விதியின் மேல் நிற்கிறது. டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் நீளம் மாறுபடும் இடங்கள் சிலவற்றைத் தேர்ந்து ஒப்பிடுகின்றனர். அவ்விடம் ஒவ்வொன்றிலும் ஒரு பாதி தாயுடையது, மறுபாதி தந்தையுடையது. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, தெளிவான மாதிரியில் பொருந்தாமை ஒருவரை விலக்கும் வலிமை உடையது; பொருத்தமோ நிகழ்தகவாகவே சொல்லப்படும். நீரில் கரைந்தும் பலருடையது கலந்தும் கிடக்கும் மாதிரியில் டிஎன்ஏ சிதைந்துவிடக்கூடும். இரண்டாவது, ஒருவர் கொடுக்கும் குருதி அவரை மட்டும் அடையாளம் காட்டுவதில்லை. அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் குறித்த தகவலையும் சேர்த்தே தருகிறது. எல்லோரும் உறவினராக வாழும் சிறு குடியிருப்பில் இதன் கனம் பெரிது. விளக்கமான ஒப்புதலை நாம் வலியுறுத்துவதற்கு இதுவே அறிவியல் காரணம்.

அகமணம் சேர்க்கும் சுமை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, உறவுமுறைத் திருமணம் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இதன் விளைவையும் கணக்கிடலாம். ஒரு பாட்டியிடம் பழுதுற்ற பிரதி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது அவருடைய மகனிடம் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகளின் மகளிடம் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தத் தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால், குழந்தை நோயுற வாய்ப்பு 32-இல் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது 64-இல் ஒன்று. அதே பெண், நூற்றில் ஒருவரே கடத்தியாக உள்ள வெளிச்சமூகத்தில் மணந்தால் 1,600-இல் ஒன்றாகச் சுருங்குகிறது.

சாதி என்பது பெருக்கி வைத்த உறவுமுறை மணம். தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, அவற்றுள் 81 குழுக்களில் சில மூதாதையரிடமிருந்தே பெருகியதன் தடம், உலகில் அதற்குப் பேர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட ஆழமாக இருப்பதைக் காட்டியது. வைசியர் குழுவில் சிலருக்கு மயக்கமருந்துடன் தரப்படும் ஒரு தசைத்தளர்த்தி மருந்தின் செயல் நீங்காமல் நீடிப்பது இதற்கு அறியப்பட்ட சான்று. தூய்மை காக்கப் போட்ட வேலி, மறைந்திருந்த பழுதுகளை உள்ளேயே சந்திக்கச் செய்கிறது. இதில் எந்தச் சமூகத்துக்கும் இழிவில்லை. பழுதுற்ற பிரதி சில இல்லாத மனிதரே உலகில் இல்லை.

கணக்கில் அடங்காதவை

ஒற்றை மரபணுவால் வரும் நோயைக் கணிப்பது போல உயரத்தையோ அறிவுத்திறனையோ கணிக்க இயலாது. அவற்றில் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளும், தாயின் ஊட்டமும், குடிநீரும், பள்ளியும் பின்னிக் கிடக்கின்றன. இட ஒதுக்கீட்டை எதிர்ப்போர் பேசும் 'பிறவித் தகுதி' மரபியலில் இல்லை. சாதி இனமேம்பாட்டுக்காக உண்டானது என்ற வாதத்தை, 1936-இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலிலேயே அம்பேத்கர் மறுத்துவிட்டார். 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நிலத்தின் மக்கள் பரவலாகக் கலந்தனர் என்றும் அதன் பின்னரே அகமணம் இறுகியது என்றும் ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் பங்கேற்ற 2013 ஆய்வு கூறுகிறது. ஆகவே கலப்பில்லாத சாதி என்று எதுவும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. கடத்திகளைக் கண்டறியும் குருதிச் சோதனை, சாதி முத்திரையின்றி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்க வேண்டும். விசாரணைக்காக மாதிரி எடுக்கும்போது, அது எதற்குப் பயன்படும், எப்போது அழிக்கப்படும் என்பது எழுத்தில் தரப்பட வேண்டும். சாதி மறுப்பு மணம் புரிவோருக்கு அரசு முழுப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். தொட்டியில் கழிவு கலந்த கைக்குக் காரணம் எந்த மரபணுவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை நேர்மையான விசாரணைதான் வெளிக்கொணர முடியும்.