கலந்துரையாடலை நெறிப்படுத்துவது எப்படி?

ஆசிரியர்கள் கூடும் இடத்தில் பேச்சுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வரும்போது, 'திங்கட்கிழமை என் வகுப்பில் எதை மாற்றிச் செய்யப் போகிறேன்?' என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கிறதா? பெரும்பாலும் அது கலந்துரையாடல் நடத்தப்பட்ட விதத்தைப் பொறுத்தது.

எங்கள் வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை கணிதம் கற்பிப்போர் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். சில ஆண்டுகளாக நெறியாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அங்கே பயன்பட்ட நடைமுறைகளைப் பகிர்ந்துகொள்கிறேன். குறுவள மையக் கூட்டத்துக்கும் பள்ளி அளவிலான ஆசிரியர் கூட்டத்துக்கும் இவை பொருந்தும்.

நடுவர் வேறு, நெறியாளர் வேறு

நமக்கு நன்கு பழகிய வடிவம் பட்டிமன்றம். நடுவர் இரு அணிகளின் வாதத்தையும் கேட்டு, இறுதியில் தீர்ப்புச் சொல்வார். நெறியாளருக்கு அந்த வேலை இல்லை. பேச்சு பொருளை விட்டு விலகாமல் பார்ப்பதும், பேச நினைப்பவருக்கு இடம் கிடைக்கச் செய்வதும், பேசியதன் சாரத்தைத் தொகுப்பதும்தான் அவர் பணி. அவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதை ஆமோதிப்பதோடு நின்றுவிடுவார்கள்.

இந்த அக்கறை நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் வள்ளுவன், வாதம் செய்ய வல்ல சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏற அழைக்கிறான். பகைவரிடம்கூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகுங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறான். வாதத்துக்கு இடம் உண்டு, பகைக்கு இடம் இல்லை என்பதே அதன் பொருள்.

உலகெங்கும் சங்கங்கள் பின்பற்றும் கூட்ட விதிகளைத் தொகுத்தவர் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். அவரது நூல் 1876-ல் வெளிவந்தது. நூல் பெரியது, நமக்கு மூன்று விதிகள் போதும். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். பேச விரும்பும் அனைவருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைக்கும் வரை, ஏற்கெனவே பேசியவர் அதே பொருள் பற்றி மீண்டும் பேசக் கூடாது. கருத்தை மறுக்கலாம், சொன்னவரின் நோக்கத்தைக் குறை கூறக் கூடாது. கூட்டம் தொடங்கும் முன் இவற்றைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பிறகு யாரையாவது நிறுத்த வேண்டி வந்தால், நான் நிறுத்துவதாக இருக்காது. விதி நிறுத்துவதாக இருக்கும்.

பழியைக் கேள்வியாக்குதல்

தொடக்கப் பள்ளி ஆசிரியரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் ஒன்றாக உட்காரும் கூட்டத்தில் ஒரு வாக்கியம் எப்படியும் வந்துவிடும். "ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பின்னமே தெரியவில்லை. அஞ்சாவது வரைக்கும் என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?"

இதைக் கேட்டதும் அறையில் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். இந்த இடத்தில் சமாதானம் சொல்வதால் பயன் இல்லை. சான்று கேட்பதுதான் வழி.

ஒருமுறை அப்படிச் சொன்னவரிடம், "சார், பிள்ளைகள் எழுதிய விடை ஒன்றைப் பலகையில் எழுதுங்களேன்" என்றேன். அவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார். "இந்தக் குழந்தை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?" என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், அதுவரை பேசாதவர், சொன்னார்: "மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று இரண்டு எண்களாகப் பார்க்கிறார்கள் சார். நாங்களும் படத்துக்கு வண்ணம் தீட்ட வைக்கிறோமே தவிர, அரை என்பது ஒரே எண், எண்கோட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு என்று அதிகம் காட்டுவதில்லை."

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தொடர்ந்தார்: "டீச்சர் சொல்வது சரி. 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டாலே பிள்ளைகள் யோசிப்பார்கள்."

குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே குழந்தையின் விடைத்தாளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் தனித்தனியே ஒரு செயல்பாடு கிடைத்தது.

மௌனத்துக்கு நேரம் கொடுங்கள்

ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் தம் ஆய்வில் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, தயங்குபவர்களும் பேசினார்கள். ஆசிரியர்கள் கூடும் அறையிலும் இது பொருந்துகிறது. கேள்வியைக் கேட்டு, இரண்டு நிமிடம் தாளில் எழுதச் சொல்லி, அருகில் இருப்பவரிடம் பகிரச் சொன்னபின் பொதுவில் பேசச் சொன்னால், பணிமூப்பு குறைந்தவர்களின் குரலும் கேட்கும். அனுபவம் மிக்கவர்களைக் கடைசியில் பேச அழைக்கலாம். அவர்களுக்கு அதில் மரியாதையும் உண்டு.

நீண்டு பேசுபவரை நிறுத்தவும் ஒரு நாகரிகம் வேண்டும். "நீங்கள் சொன்னதில் இது முக்கியம், குறித்துக்கொண்டேன் சார். இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று அவர் கருத்தைப் பலகையில் எழுதிவிட்டால் போதும். தம் சொல் பதிவானதைப் பார்ப்பவர் மீண்டும் அதையே சொல்ல மாட்டார். பணிமாறுதல், பதிவேடுகள் போன்ற பேச்சு எழுந்தால், பலகையின் ஓரத்தில் 'பிறகு பேச' என்ற கட்டத்தில் எழுதிவைத்து, கூட்டம் முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிப் பத்து நிமிடம்

முடிவில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுதுகிறோம்: அடுத்த கூட்டத்துக்குள் என் வகுப்பில் செய்து பார்க்கப் போவது. அடுத்த கூட்டம் அந்த வரிகளிலிருந்துதான் தொடங்கும். "செய்தேன், சரிவரவில்லை" என்பதும் அங்கே நல்ல பதில்தான். ஏன் சரிவரவில்லை என்பதிலிருந்து அடுத்த உரையாடல் பிறக்கும்.

கூட்டத்தில் கேட்கத் தயங்கிய கேள்வி ஆசிரியரோடு திரும்பி வகுப்பறைக்கே போகிறது. அங்கே அதைச் சுமப்பது ஒரு குழந்தை. உங்கள் அடுத்த கூட்டத்தில், இதுவரை பேசாத ஒருவருக்குப் பேச வழி செய்து பாருங்கள்.