புள்ளி அளவு தீனி... ‘நீமோ’ குஞ்சுகளின் உயிரைக் காக்கும் பச்சைத் தண்ணீர்!

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால், தூத்துக்குடிப் பக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால், மீன் தொட்டிக்கான செயற்கைக் கடல் உப்பு இன்று ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மலையடிவாரத்து ஹாலிலும் ஒரு குட்டிக் கடல் தயார்!

அந்தத் தொட்டிக்கு முதலில் வருவது பெரும்பாலும் கோமாளி மீன் ஜோடிதான். 2003-ல் ‘ஃபைண்டிங் நீமோ’ வந்த பிறகு, குழந்தைகளுக்கு அது ‘நீமோ மீன்’. நன்றாகப் பராமரித்தால் தொட்டியிலேயே முட்டையும் இடும். அப்பா மீன் துடுப்பால் விசிறி விசிறிக் காவல் காக்கும். சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளியே வரும். சிக்கலே அதன் பிறகுதான்.

பசி பெரிது, வாய் சிறிது

பிறந்த குஞ்சின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். அதன் வாய் எவ்வளவு சிறியதாக இருக்கும்? கடையில் வாங்கும் தீனியை எவ்வளவு பொடித்துப் போட்டாலும் பெரும்பாலும் சீண்டாது. அசையும் இரையைத்தான் அது துரத்திப் பிடிக்கும். தின்னாத பொடி அடியில் தங்கி அழுகி, தண்ணீரைக் கெடுக்கும். முதல் ஓரிரு நாளில் சரியான இரை கிடைக்காவிட்டால், நூற்றுக்கணக்கான குஞ்சுகளும் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும்.

கடலில் இந்த இரை தண்ணீரிலேயே மிதக்கிறது. தொட்டியில் அதை நாம்தான் வளர்க்க வேண்டும்.

மூன்று படிச் சாப்பாடு

முதல் படி, நுண்பாசி. ‘நானோகுளோரோப்சிஸ்’ போன்ற பாசி வளர்ந்த பாட்டில், பச்சை பெயின்ட் கரைத்ததுபோல இருக்கும். இது குஞ்சுக்கு நேரடிச் சாப்பாடு அல்ல. குஞ்சு தின்னும் உயிருக்கான சாப்பாடு.

அந்த உயிர்தான் ‘ரோட்டிஃபர்’. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. ஆண் துணை இல்லாமலே பெண் ரோட்டிஃபர் முட்டையிட்டுப் பெருகும். ஜப்பானில் இதை ஒரு காலத்தில் விலாங்கு மீன் குளங்களின் தொல்லையாகவே பார்த்தார்கள். 1960 வாக்கில் இட்டோ என்ற விஞ்ஞானி இதை மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக்கலாம் என்று காட்ட, உலகக் கடல் மீன் பொரிப்பகங்களின் தலையெழுத்தே மாறியது.

மூன்றாவது, ‘ஆர்டீமியா’ எனும் உப்புநீர் இறால். இதன் உலர்ந்த முட்டை பழுப்புப் பொடிபோல டப்பாவில் வரும். அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் இதற்குப் பேர்போனது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. கோமாளிக் குஞ்சு ஒரு வாரம் வளர்ந்த பிறகே இதை விழுங்கும்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் இதே வரிசைதான். 2010-ல் ‘கோபியா’ எனும் கடல் விராலையும், 2011-ல் சில்வர் பொம்பானோவையும் இந்தியாவில் முதன்முறையாக அங்கே இனப்பெருக்கம் செய்தபோது, குஞ்சுகள் பிழைத்தது ரோட்டிஃபரையும் ஆர்டீமியாவையும் தின்றுதான். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பில் பெயர் பெற்றது.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

பழகுவதற்கு ஆர்டீமியா எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மூடியோடு தலைகீழாக நிறுத்தி, இந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு கிராம் முட்டை போட்டு, ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு, பக்கத்தில் ஒரு பல்பு எரியவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் நீந்தும். காற்றை நிறுத்தினால் முட்டை ஓடு மேலே மிதக்கும். கீழே வெளிச்சம் காட்டினால் குஞ்சுகள் அங்கே கூடும். குழாயால் உறிஞ்சி, வடிகட்டி, அலசி, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் சத்து குறையும்.

கல் உப்பு இந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான். மீன் தொட்டிக்குக் கடல் உப்புக் கலவையே வேண்டும்.

ரோட்டிஃபருக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. தினமும் தண்ணீர் லேசான பச்சையாக இருக்கும் அளவுக்குப் பாசி ஊற்றி, கால் பங்கை அறுவடை செய்ய வேண்டும். தீனி அதிகமானால் அம்மோனியா ஏறி, ஒரே இரவில் மொத்தமும் சரிந்துவிடும். அதனால் எப்போதும் இரண்டு பாட்டில், தனித்தனி இடத்தில். செலவு குறைக்க ஈஸ்ட் மட்டும் போட்டாலும் ரோட்டிஃபர் பெருகும். ஆனால், மீன் குஞ்சுக்கு வேண்டிய ஒமேகா-3 அதில் இருக்காது. ரோட்டிஃபர் என்ன தின்றதோ, அதுதான் குஞ்சுக்குக் கிடைக்கும்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்?

கடைகளுக்கு வரும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலான வகைகள் இன்றும் பவளத் திட்டுகளிலிருந்து பிடிக்கப்படுபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. உயிர்ப் பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். பொரிப்பகத்தில் பிறந்த ஒரு கோமாளி மீனை வாங்கினால், கடலிலிருந்து ஒரு மீன் குறையாது.

கடைசியாக ஒன்று. மீன் முட்டையிட்ட பிறகு பாட்டிலைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே பச்சைத் தண்ணீரும் ரோட்டிஃபரும் தயாராக இருக்கட்டும். குஞ்சுகளுக்குப் பசிக்கும்போது, சாப்பாடு ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்க வேண்டும்!